காளீஸ்வரிக்கும் சேர்த்து ஒரு உள்ளேன்

13 ஜூலை 2020, திங்கள்

அப்பாவின் பெயிண்ட் கடைக்குக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி இது. ஜனவரியிலிருந்து பரணில் சும்மா கிடந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலும் ஒரு வண்ணம் அச்சடித்து அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். இன்றைய பக்கத்தில் யானைத் தந்தம். எனக்கு அது அழுக்கு வெள்ளையாகத்தான் தெரிகிறது.

இன்று ஆன்லைன் வகுப்பு தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு எஸ்தர் ராணி டீச்சர்தான் வகுப்பாசிரியர், கணக்கும் அவர்தான். முதல் அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. யாருடைய அப்பாவோ யாரையோ திட்டினார். "எல்லாரும் மைக்க ஆஃப் பண்ணுங்கம்மா" என்று டீச்சர் கத்திக்கொண்டே இருந்தார். பிறகு போன வருஷம் போலவே கோமதிதான் வகுப்புத் தலைவி என்று அறிவித்தார். அதாவது நான். யார் யார் வரவில்லை என்று தினமும் டீச்சருக்குச் சொல்லவேண்டும். "கோமதி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். இதை அப்பாவிடம் ஒரு தடவை, அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

என் சிநேகிதி காளி எங்கள் வீட்டுக்கு வந்து என்னோடு உட்கார்ந்து படித்தாள். அவள் அப்பா லோடு வேன் ஓட்டுகிறார், நல்ல போன் அவரோடு போய்விடும். காளி எப்போதும் காலிங்பெல் அடிக்கமாட்டாள். கேட்டுக்கு வெளியே நின்று, வகுப்பில் வெளியே போக அனுமதி கேட்பதுபோல் சுண்டு விரலைத் தூக்கிக் காட்டுவாள். ஆறாம் வகுப்பிலிருந்து அதுதான் எங்கள் சைகை. வகுப்பில் அவள் விரல் தூக்கினால் நானும் தூக்குவேன், இரண்டு பேரும் வெளியே போய்க் கதை பேசிவிட்டு வருவோம்.

14 ஜூலை, செவ்வாய்

ஒரே போனில் இரண்டு பேர் இருந்தால் வருகைப் பதிவு குழம்புகிறதாம், ஆளுக்கு ஒரு பெயரில் வரவேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். அப்பாவின் பழைய போனை எடுத்தேன். கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை. அதில் 'காளீஸ்வரி 9 பி' என்று பெயர் போட்டுக் கொடுத்தேன். மகாராணி மாதிரி மடியில் வைத்துக்கொண்டாள்.

வகுப்பு முடிந்ததும் அந்தப் போனில் இரண்டு பேரும் லூடோ விளையாடினோம். காளி ஏமாற்றுகிறாள்.

22 ஜூலை, புதன்

காளியின் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொரோனா. அவர்கள் தெருவில் தகரம் அடித்து அடைத்துவிட்டார்கள். அம்மா வாசலெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு என்னிடம் வந்தாள். "அந்தப் புள்ள இனிமே இங்க வரக்கூடாது. அப்பாவுக்குச் சுகர் இருக்கு, தெரியும்ல?" 

மத்தியானம் காளி, அவள் அம்மாவின் பட்டன் போனிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏடி, அந்த ஒடஞ்ச போனக் குடுத்துவிடேன். தகரத்துக்கு மேல நீட்டுனா வாங்கிக்கிறேன்."

"அது சார்ஜே நிக்க மாட்டேங்குதுடி."

"நேத்து நின்னுச்சே?"

"நேத்து நின்னுச்சு, இன்னைக்கு நிக்கல. நீ ஏன்டி கவலப்படுற? தகரம் பிரிக்கிற வரைக்கும் ஒனக்கும் சேத்து நானே உள்ளேன் சொல்லிர்றேன்."

"கண்டுபிடிச்சிர மாட்டாங்களே?"

"நான் யாருடி? கிளாஸ் லீடர்."

சிரித்தாள். ரொம்ப தாங்க்ஸ்டி என்றாள்.

சார்ஜ் ஒரேயடியாக நிற்காது என்று இல்லை. லூடோவைக் குறைத்தால் நிற்கும்.

23 ஜூலை, வியாழன்

காளியின் குரல் எப்போதும் சளி பிடித்தது போலக் கட்டையாக இருக்கும். மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு பேசினால் அப்படியே வருகிறது. ஒரே அறையில் இரண்டு போனையும் வைத்தால் கூவென்று இரைகிறது, அதனால் பழைய போனைச் சாமான் அறையில் வைத்தேன். பெயர் வரிசையில் அவளுக்கும் எனக்கும் நடுவில் கீர்த்திகா மட்டும்தான். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்று "உள்ளேன் டீச்சர்" என்று கட்டைக் குரலில் சொல்லிவிட்டு, கீர்த்திகா சொல்லி முடிப்பதற்குள் கூடத்துக்கு ஓடிவந்து என் குரலில் சொல்லவேண்டும்.

"கோமதி, ஏன் மூச்சு வாங்குது?" என்று டீச்சர் கேட்டார். தண்ணீர் குடிக்கப் போனேன் என்றேன்.

வகுப்பு முடிந்து சாமான் அறையில் உட்கார்ந்து சிரித்தேன். நான் நடிக்கப் போகலாம்.

4 ஆகஸ்ட், செவ்வாய்

தகரத்தை நேற்றுப் பிரித்துவிட்டார்கள். அம்மா மட்டும் இன்னும் விடவில்லை. காளி வீட்டிலும் அவள் அம்மாவுக்குப் பேண்டேஜ் துணி மடித்துக் கட்டும் வேலை நிறைய வருகிறதாம். ஊரெல்லாம் கடை அடைத்திருக்க, இது ஒன்றுதான் கொரோனாவால் கூடிய தொழில் என்று அப்பா பெருமூச்சு விடுகிறார். காளியும் உட்கார்ந்து மடிக்கிறாள். போனில் பேசினாள்.

"போதும்டி, நிறுத்திரு. எனக்குத்தான் பாடம் ஒண்ணும் தெரியல, சும்மா உள்ளேன் சொல்லி என்ன? டீச்சர்ட்ட எங்கிட்ட போன் இல்லன்னு உள்ளதச் சொல்லிரு."

சரி, நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

5 ஆகஸ்ட், புதன்

சொல்லலாம் என்றுதான் இருந்தேன். இன்றைக்குப் பார்த்துத் தலைமையாசிரியை வகுப்புக்குள் வந்துவிட்டார். பள்ளியிலேயே ஒன்பது 'பி'யில்தான் எல்லாரும் தவறாமல் வருகிறார்களாம். வகுப்புத் தலைவி யார் என்று கேட்டார். நான் கேமராவை ஆன் செய்தேன், அம்மா பின்னாலிருந்து என் ரிப்பனைச் சரிசெய்தாள். அந்த நேரத்தில் போய் இதை எப்படிச் சொல்வது?

21 ஆகஸ்ட், வெள்ளி

கணக்குத் தேர்வு. இரண்டு போனிலும் நானே எழுதினேன். காளிக்குக் கணக்கு வராது, எல்லாம் சரியாகப் போட்டால் சந்தேகம் வரும் என்று வேண்டுமென்றே இரண்டைத் தப்பாகப் போட்டேன். அந்த மும்முரத்தில் என் தேர்வில் மூன்று தப்பாகிவிட்டது.

"காளீஸ்வரி! என்னம்மா இது, கோமதியவே தாண்டிட்ட! நீ இப்பிடிப் படிச்சேன்னா பத்தாவதுல நம்ம பள்ளிக்கூடத்துக்கே பேர் வாங்கிக் குடுப்ப" என்றார் டீச்சர். எல்லாரும் கைதட்டும் பொம்மை அனுப்பினார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. சாமான் அறைக்குப் போய் மூக்கைப் பிடித்துக்கொண்டு "தாங்க்ஸ் டீச்சர்" என்றேன்.

11 செப்டம்பர், வெள்ளி

ஒரு வாரமாக முத்துப்பேச்சி வரவில்லை என்று டீச்சரிடம் சொல்லியிருந்தேன். டீச்சர் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராக அவள் வீட்டுக்கே போய்விட்டார். அவளை மாவு மில்லில் வேலைக்கு விட்டிருந்தார்களாம். டீச்சர் மாஸ்க், முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு தெருவிலேயே நின்றிருக்கிறார். "புள்ளய அனுப்புறேன்னு சொல்ற வரைக்கும் இந்த வெயில்லயே நிக்கேன்" என்றாராம். கடைசியில் அவள் அப்பாவே சேர் எடுத்துப் போட்டிருக்கிறார். பழைய மாணவி ஒருவரிடம் சொல்லிப் போனும் வாங்கிக் கொடுத்துவிட்டார். முத்துப்பேச்சி இதை வகுப்பில் சொல்லி அழுதாள்.

நான் சொன்னதால்தான் டீச்சர் போனார். பெருமையாக இருந்தது. சாயங்காலம் துணி மடிக்கும்போது காளி ஞாபகம் வந்தது. அவளைப் பற்றி நான் சொல்லவில்லை. அவள்தான் தினமும் வருகிறாளே.

இல்லை, அப்படி எழுதியது தப்பு. அடிக்க முடியாது, பேனா. இருக்கட்டும்.

25 அக்டோபர், ஞாயிறு

சரஸ்வதி பூஜை. புத்தகங்களை அடுக்கி, மேலே என் போனை வைத்துச் சந்தனம் வைத்தாள் அம்மா.

"அந்தப் பழச எங்க? அதையும் வை. அதுலயும்தான படிக்கிற?"

எடுத்துவந்து வைத்தேன். அம்மா அதன் விரிசலுக்குப் பக்கத்தில் குங்குமம் இட்டாள். கும்பிடும்போது கண்ணை மூடிக்கொண்டேன். 

28 அக்டோபர், புதன்

காலையில் மொட்டை மாடியில் வடகத்துக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தேன். ஸ்பின்னிங் மில் வேன் எங்கள் தெரு வழியாகப் போனது. வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கியபோது, ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துச் சுண்டு விரலைத் தூக்கினாள்.

மாஸ்க் போட்டால் எல்லாரும் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள். யாரோ.

29 அக்டோபர், வியாழன்

இன்று வடகத் துணியை அம்மாவையே விரிக்கச் சொல்லிவிட்டேன்.

15 நவம்பர், ஞாயிறு

தீபாவளிக்கு மறுநாள். கேட்டில் சுண்டு விரல்.

அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டுக்கு உள்ளேயும் காளி வெளியேயுமாக நின்றோம். மெலிந்திருந்தாள். காதுக்குப் பின்னால் முடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அதை எடுத்துவிடக் கை போனது, அம்மா ஞாபகம் வந்து இழுத்துக்கொண்டேன்.

"மில்லுல வயசு கூடச் சொல்லித்தான் சேத்தாங்க. அன்னைக்கு வேன்லருந்து கையக் காமிச்சேன், நீ பாக்கல."

"கண்ணு கூசுச்சுடி."

"முத்துப்பேச்சி வீட்டுக்கு டீச்சர் போனாங்களாமே? தெருவே பேசுச்சு. எங்கப்பா கூடக் கேட்டுச்சு. ஒங்க டீச்சர் எல்லார் வீட்டுக்கும் போறாகளாம்ல, இங்க மட்டும் ஏன் வரல, வந்து ஒரு வார்த்த கேட்டா நான் மாட்டேன்னா சொல்லப் போறேன்னு. நானும் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டா எட்டி எட்டிப் பாப்பேன்." கேட்டுக் கம்பியில் இருந்த துருவை நகத்தால் சுரண்டினாள். "நீ டீச்சர்ட்ட சொன்னேல்ல?"

"சொன்னேன்."

"அப்ப, நான் சரியாப் படிக்க மாட்டேன்னு விட்டுட்டாங்க போல. பரவால்ல விடு."

அவள் அம்மா சுட்ட சீயத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் தொடவில்லை. அம்மா சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறதாம்.

16 நவம்பர், திங்கள்

காளியின் பெயர் வந்தது. உள்ளேன் சொன்னேன்.

9 டிசம்பர், புதன்

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து வகுப்பு முடிந்ததும் டீச்சருக்குப் போன் போட்டேன். சொல்ல வேண்டியதைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

டீச்சர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் வீட்டுக்காரருக்கு மூச்சுத் திணறலாம், ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களாம். காலையில் எங்களுக்குப் பாடம் எடுத்ததே ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்துதானாம். எங்கள் யாருக்கும் தெரியாது.

"எதுக்கும்மா போன் போட்ட?"

"சும்மாதான் டீச்சர். நாளைக்கு வகுப்பு உண்டான்னு கேக்க."

"உண்டும்மா. நீ இருக்கிறதுனாலதான் வகுப்பப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. ஆண்டவர் ஒன்ன நல்லா வைப்பாரு."

போனை வைத்துவிட்டு அழுதேன். அம்மா என்னவென்று கேட்டாள். டீச்சர் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்றேன். அதற்கும் அழுதேன்தான்.

18 ஜனவரி 2021, திங்கள்

டீச்சரின் வீட்டுக்காரர் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். நாளை பத்தாம் வகுப்புக்குப் பள்ளி திறக்கிறார்கள். எங்களுக்கும் சீக்கிரம் திறப்பார்களாம். எல்லாரும் சந்தோஷத்தில் குதிக்கிறார்கள். எனக்கு மட்டும் திறக்கவே வேண்டாம் போலிருக்கிறது. பெஞ்சில் ஆள் உட்காரவேண்டுமே.

ஒரு வழி கண்டுபிடித்தேன். நான் எதுவும் சொல்லவேண்டாம், காளியின் போனை மட்டும் திறக்காமல் விட்டுவிட்டால் போதும். அவள் வரவில்லை என்று டீச்சருக்கே தெரிந்து ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். புது டைரி வாங்கவில்லை, இதிலேயே ஜனவரிப் பக்கங்கள் காலியாகக் கிடக்கின்றன.

19 ஜனவரி, செவ்வாய்

"காளீஸ்வரி?"

நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டார்.

"ஒரு நாள்கூட லீவு போடாத புள்ள. நெட் கிடைக்கலையோ என்னமோ. விடு, இருக்கான்னே போட்டுக்கிறேன்" என்றார்.

22 ஜனவரி, வெள்ளி

நான்கு நாளும் அப்படியே. நான் பொய் சொல்லவில்லை, டீச்சரே போட்டுக்கொள்கிறார். இதற்கு மேல் நான் என்ன செய்வது என்று எழுத வந்தேன். என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும். தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

8 பிப்ரவரி, திங்கள்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

வாசலில் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டிக் காய்ச்சல் பார்த்தார்கள். கையில் சானிடைசர் ஊற்றினார்கள். பெஞ்சுக்கு இரண்டு பேர், நடுவில் சாக்பீஸால் பெருக்கல் குறி. எல்லாரும் உயரமாகிவிட்டார்கள். பின்பெஞ்சில் பாதி காலியாகத்தான் இருந்தது, பயந்து அனுப்பாத வீடுகள் நிறைய. காளிக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்று வீட்டிலிருந்தே தயார் செய்து வைத்திருந்தேன்.

டீச்சர் பெயர் வாசிக்க ஆரம்பித்தார். இவ்வளவு நாள் போனில் கேட்ட அதே குரல், அதே வரிசை, அதே வேகம். ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காளீஸ்வரி."

"உள்ளேன் டீச்சர்."

கட்டைக் குரலில், மூக்கைக்கூடப் பிடிக்காமல், என் வாய் அதுவாகச் சொல்லிவிட்டது.

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு அதுவும் நின்றுவிட்டது. டீச்சரின் பேனா அப்படியே இருந்தது. கீர்த்திகா பெயரை வாசித்தார், அவள் சொன்னாள். என் பெயரை வாசித்தார். என்னால் சொல்ல முடியவில்லை. டீச்சர் மற்ற எல்லாப் பெயரையும் வாசித்து முடித்துவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"எவ்வளவு நாளா கோமதி?"

"தகரம் அடிச்சதுலருந்து டீச்சர்."

"அந்தப் பரீட்சை?"

"நான்தான்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் அந்தப் புள்ளய அம்புட்டுப் பாராட்டுனேனே. அது காதுல ஒண்ணுகூட விழல" என்றார். மாஸ்க்குக்கு மேலே கண் கலங்கியிருந்தது. "அவ இப்ப எங்க?"

சொன்னேன்.

சாயங்காலம் ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போனார்.  காளியின் அப்பா வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இப்பத்தான் எங்க வீட்டுக்கு வழி தெரிஞ்சுச்சாக்கும் டீச்சரம்மா?"

"தப்பு எங்க மேலதான்ங்க" என்றார் டீச்சர். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் கீழே குனிந்து நின்றேன்.

"படிப்ப நிறுத்தணும்னு எனக்கு மட்டும் ஆசையா? போன் இல்ல, பள்ளிக்கூடத்துலருந்தும் யாரும் எட்டிப் பாக்கல. வீட்ல சும்மா இருக்கிறதுக்கு மில்லுக்குப் போகட்டும்னு விட்டேன். நீங்க கேக்கிறீக, அனுப்புறேன். சனிக்கிழமையோட நிப்பாட்டிர்றேன்."

இவ்வளவுதான். ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்திருக்கிறார்.

அப்போது மில் வேன் வந்து நின்றது. இறங்கிய காளி டீச்சரைப் பார்த்ததும் டிபன் பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்று, "வணக்கம் டீச்சர்" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தாள். நான்தான் டீச்சரைக் கூட்டிவந்தேன் என்று நினைத்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். டீச்சரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். முடியவில்லை.

"நான் நிறுத்தல காளி. இவ்வளவு நாளும் ஒனக்கு நான்தான் உள்ளேன் சொன்னேன். அதான் டீச்சர் வரல."

அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

"எதுலருந்துடி சொன்ன? ஒங்கிட்ட ஒரு போன்தான இருக்கு?"

"பழைய போன்ல."

"சார்ஜ் நிக்காதுன்ன?"

"நிக்கும்."

காளி டிபன் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே தண்ணீர் ஊற்றி முகம் கழுவும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது.

9 பிப்ரவரி, செவ்வாய்

காளீஸ்வரி என்று டீச்சர் வாசித்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆப்சென்ட் என்று போட்டுக்கொண்டார். கீர்த்திகாதான் இனி வகுப்புத் தலைவி.

அப்பாவிடமும் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அப்பா எழுந்து கடைக்குப் போய்விட்டார். அம்மா மட்டும், "நானும்தான் அந்தப் புள்ள வரக்கூடாதுன்னேன்" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள்.

15 பிப்ரவரி, திங்கள்

காளி வந்துவிட்டாள். சீருடை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. என் பக்கத்தில் இடம் இருந்தது. முத்துப்பேச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

வகுப்பு தொடங்கும் முன் பழைய போனை எடுத்துப் போய் நீட்டினேன். அப்பா புதுக் கண்ணாடி மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

"இப்பத்தான் பள்ளிக்கூடமே தொறந்தாச்சே. எனக்கு எதுக்கு?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

டீச்சர் பெயர் வாசித்தார்.

"காளீஸ்வரி."

"உள்ளேன் டீச்சர்."

பழைய கட்டைக் குரல் இல்லை, பஞ்சுத் தூசியில் தேய்ந்த மெல்லிய குரல். சொல்லி முடித்ததும் இருமினாள். "இவ குரல் இப்பிடி இருக்காதே?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கிசுகிசுத்தாள். அவர்கள் மாதக்கணக்காகக் கேட்டது வேறு குரல். எனக்கே ஒரு கணம் யாரோ போலத்தான் இருந்தது.

கணக்குப் பாடத்தில் டீச்சர் அவளிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கரும்பலகையில் இருப்பதை எழுத்து விடாமல் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். முத்துப்பேச்சியின் நோட்டை எட்டி எட்டிப் பார்த்தாள், எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்றே தெரியாதவள் மாதிரி.

மூன்றாவது பீரியடில் தற்செயலாக அந்தப் பக்கம் திரும்பினேன். காளி சுண்டு விரலைத் தூக்கியிருந்தாள்.

என் விரலும் தூக்கிக்கொண்டது. பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

"போயிட்டு வா காளீஸ்வரி" என்றார் டீச்சர். அவள் அவரைப் பார்த்துத்தான் தூக்கியிருந்தாள். என்னைக் கடந்து வெளியே போனாள். நான் உட்கார்ந்துகொண்டேன்.